கீழே ஓடுவதே மேலேயும் ஓடும்

ஜினசந்திரன் வாழ்நாளெல்லாம் நடந்தவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்தார். வந்தவாசியிலிருந்து செங்கம் வரை அவர் கால் படாத வரப்புகள் குறைவு. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னே ஓட, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர் பின்னே நடப்பார். ஓய்வு பெற்ற பின்னரும், காலையில் வேங்கிக்கால் வீட்டிலிருந்து புறப்பட்டு ஏரிக்கரை வரை சென்று திரும்பினால்தான் அவருக்குப் பசி எடுக்கும். அத்தகையவர், சென்ற ஐப்பசி மழையில், பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்து, தம் சொந்த வீட்டுச் சிமெண்டுப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். தைத்த இடம் ஆறாமல் சீழ் கோத்தது. மீண்டும் பிரித்து மீண்டும் தைத்தார்கள். எழுந்து நிற்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாள் ஒவ்வொரு முறையும் தள்ளிப் போயிற்று.

வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது குந்தி அமரும் கழிப்பறை. வெஸ்டர்ன் கழிப்பறை மாடியில், மகள் த்ரிசலாவின் அறையை ஒட்டி இருந்தது. ஆகவே, மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, அவரை நாற்காலியோடு தூக்கி, மாடிப்படித் திருப்பத்தில் ஒரு முறை சுவரில் இடித்து, மகளின் அறையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். அதன்பிறகு அவர் கீழே இறங்கவில்லை.

அந்த அறையில் ஒரு கட்டிலும், ஒரு மேசையும், பட்டமளிப்பு விழாவில் த்ரிசலா கறுப்பு அங்கியோடு நிற்கும் படமும், சுவரில் சிறியதொரு தொலைக்காட்சியும் இருந்தன. ஜன்னலில் மலையின் ஒரு தோள் தெரியும். மிச்சத்தை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிட்டது. கண்ணாலேயே அறையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பார்த்தார். அளந்து முடித்த பிறகு, அளக்க வேறொன்றும் இல்லை. தொலைக்காட்சிதான் மிஞ்சியது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மகன் நவீன் பெங்களூருவில் கணினி வேலை பார்ப்பவன். வீடு கட்டி முடித்தபோது, “ஒரே வீட்டுக்கு எதுக்குப்பா ரெண்டு கனெக்‌ஷன்?” என்று சொல்லி, ஹாலில் பெரிய செட்டாப் பாக்ஸ் ஒன்றையும், தங்கையின் அறையில் சிறியது ஒன்றையும் அவனே பொருத்தினான். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயர் ஹாலில் உள்ள பெட்டிக்கு மட்டுமே வரும். மாடிப் பெட்டிக்கு ஒயர் கிடையாது. ஹால் பெட்டி பிடிக்கும் படத்தையே வீட்டின் வைஃபை வழியாக வாங்கி, அது தன் திரையில் காட்டும். ஹால் பெட்டியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்கும். ஆகவே, கீழே எது ஓடுகிறதோ அதுவே மேலேயும் ஓடும். மேலே இருப்பவருக்கு வேறு சேனல் வேண்டுமென்றால், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்கலாம். கேட்ட செய்தி ஹால் திரையில் எழுத்தாகத் தோன்றும். அங்கே இருப்பவர் ‘சரி’ என்பதை அழுத்தினால் இரண்டு திரைகளும் ஒன்றாக மாறும். ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினால், ‘அனுமதி இல்லை’ என்னும் ஒற்றை வரி மேலே வரும்.

அந்நாளில் இஃது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. த்ரிசலா தொலைக்காட்சி பார்ப்பவள் அல்லள். இப்போது அதே அறையில் கிடந்த தந்தைக்கு, கீழே மனைவி குணமதி எதைப் பார்க்கிறாரோ அதுவே உலகமாயிற்று. காலையில் திரை உயிர் பெற்றால், குணமதி குளித்துவிட்டார் என்று அறிந்துகொள்வார். சமையல் நிகழ்ச்சி பாதியில் வேறொன்றுக்குத் தாவினால், அந்தக் குறிப்பு குணமதிக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சேனலிலும் நில்லாமல் படம் ஓடிக்கொண்டே இருந்தால், அவர் மனம் சரியில்லை. நிகழ்ச்சிகளில் ஜினசந்திரனுக்கு அவ்வளவாக ஈடுபாடு இல்லை. ரிமோட்டைப் பிடித்திருக்கும் மனைவியின் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். படம் மாடிக்கு ஏறி வரச் சற்று நேரம் பிந்தும். கீழே குணமதி சிரித்து முடித்த பிறகே மேலே நகைச்சுவை வரும். தொடக்கத்தில் அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

தை மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

த்ரிசலா கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினாள். ஒரு மழைக்காலத்தில், சமணத் துறவியர் ஊர்விட்டு ஊர் செல்லாமல் ஓரிடத்தில் தங்கும் மாதங்களில், அவ்வூருக்கு வந்திருந்த ஆர்யிகைகளுக்கு உணவளிக்கும் பணியில் சேர்ந்தாள். ஆர்யிகை என்பவர் பெண் துறவி: வெள்ளைச் சேலை, கையில் மயிற்பீலி, ஒரு கமண்டலம், நாளுக்கு ஒரு வேளை உணவு. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு அவர்களோடு நடந்தே ஊரூராகச் சென்றாள். அவ்வப்போது வீட்டுக்கு வந்தாள். வரும்போதெல்லாம் அவளுடைய பை சிறுத்துக்கொண்டே வந்தது.

கார்த்திகையில் ஒருநாள் வந்தபோது குணமதி கடைக்குச் சென்றிருந்தார். த்ரிசலா மாடிக்கு வந்து, தன் கட்டிலில் தந்தை படுத்திருக்க, அவருடைய கால்மாட்டில் அமர்ந்தாள்.

“அப்பா, குரு தீட்சை தர்றேன்னு சொல்லிட்டாங்க. மாசியில. வீட்டுல சம்மதம் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

“உனக்கு நிச்சயமா?”

“நிச்சயம்பா.”

“அப்போ சரி. நான் இன்னா தடுக்கப் போறேன்? எழுந்து நின்னு தடுக்கவும் முடியாது.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

அந்த வீட்டில் பெரிய செய்திகள் முதலில் தந்தையிடம் செல்லும். தந்தை அவற்றைத் தாயிடம் சொல்வார். மனை வாங்கியதும் நவீனின் திருமணமும் அப்படித்தான் குணமதியின் காதுக்கு எட்டின. அந்த வழக்கத்தை நம்பி, மகள் தாயிடம் சொல்லாமல் சென்றாள். ஒரு பெண் துறவு பூணும் செய்தியை அவளே தன் தாயிடம் சொல்வதுதான் முறை என்று எண்ணித் தந்தையும் சொல்லவில்லை. வந்தவாசியில் உள்ள ஒன்றுவிட்ட தங்கை கைப்பேசியில் அனுப்பிய அழைப்பிதழில்தான் குணமதி அதனை முதலில் கண்டார். மகளின் படமும், அதன்கீழ் ‘பெற்றோரின் முழுச் சம்மதத்துடன்’ என்னும் வரியும் இருந்தன.

கைப்பேசியோடு மாடியேறி வந்து, அதைக் கணவரின் மார்பின்மேல் வைத்தார்.

“பெத்தவங்கன்னா எத்தன பேருங்க?” என்று கேட்டார்.

கேட்ட கையோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அதன்பின் அவர் மாடிக்கு வரவில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்ற ஓர் ஆண் செவிலியர் நாள்தோறும் வந்தார். மற்ற வேலைகளை ஜோதியம்மாள் பார்த்தார். குணமதி குரலை உயர்த்தவில்லை. குறையேதும் வைக்கவும் இல்லை. சூரியன் மறையுமுன் இரவு உணவை முடித்துவிடுவது சமணரான அவர்கள் குலத்து வழக்கம். ஒருநாளும் தட்டு பிந்தி வந்ததில்லை. உப்பும் புளியும் அளவாகவே இருந்தன. தட்டோடு வரும் பேச்சு மட்டும் வரவில்லை.

ஜினசந்திரனுக்கு அந்த மௌனத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. தீட்சை முடிந்துவிட்டால் த்ரிசலா அவருடைய மகள் அல்லள். எங்கேனும் கண்டால், மற்றவர்களைப் போல அவரும் எதிரே நின்று வணங்கலாம். அதற்கும் முதலில் அவர் எழுந்து நிற்க வேண்டும். தலைமுடி களையப்படுவதற்கு முன்னர், த்ரிசலாவாகவே அவளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அவளுடைய குருவின் சங்கம் தங்கியிருந்தது கர்நாடகத்தில் ஓர் ஊரில். ஆன்மிகச் சேனல் ஒன்று அங்கிருந்து காலைதோறும் சொற்பொழிவை நேரலையாக ஒளிபரப்பியது. கூட்டத்தில் எங்கேனும் அவள் தென்படலாம். ஆகவே காலைதோறும் ஒரு முறை பொத்தானை அழுத்திக் கேட்டார். காலைதோறும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது.

ஜோதியம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவர். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பார். அன்று மட்டும் விடுப்பு. ஒருநாள் அவர் போர்வையை உதறிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்கம்மா.”

“கீழ டிவில பாப்பா பேரு வருதே, அது எப்டி சார்?”

“எந்தப் பாப்பா?”

“நம்ம த்ரிசலா பாப்பாதான். காலைல காலைல வருது. த்ரிசலா கேக்குது, குடுக்கலாமான்னு இன்னாவோ எழுத்து. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ சார், சும்மா சொல்லல. அம்மா கைல ரிமோட்ட வெச்சிக்கினு அதையே பாத்துக்கினு நிப்பாங்க. அப்புறம் வேணாம்னு அமுக்கிட்டு, நேரா சாமி ரூமுக்குப் போயிடுவாங்க.”

ஜினசந்திரனுக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டிகளைப் பொருத்திய அன்று, எது எந்த அறை என்று தெரிவதற்காக நவீன் அவற்றுக்குப் பெயரிட்டிருந்தான். இந்த அறை தங்கையின் அறை. எனவே இந்தப் பெட்டி ‘த்ரிசலா’. அறையில் ஆள் மாறியதைப் பெட்டிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மேலே பொத்தானை அழுத்தியபோதெல்லாம் கீழே சென்று நின்றது மகளின் பெயர்.

அன்றே தம் பொத்தான் கைப்பேசியில் மகனை அழைத்தார்.

“அந்தப் பேரை எடுத்துடுடா.”

“அது ஹால் ரிமோட்லதாம்பா மாத்த முடியும். செட்டிங்ஸ் உள்ள போவணும். அம்மாகிட்ட சொல்லுங்களேன், நான் போன்லயே சொல்லித் தரேன்.”

“அவகிட்ட சொல்லக்கூடியதா இருந்தா உனக்கு ஏன்டா போன் பண்றேன்?”

“வரும்போது மாத்திடறேம்பா. தீட்சைக்கு நம்ம வீட்லேர்ந்து நான்தான் போறேன். முடிச்சிட்டு நேரா அங்க வரேன். அப்புறம், லைவா போடறாங்களாம், மத்தியானத்துலேர்ந்து. நீங்க அங்கேர்ந்தே பாக்கலாம்.”

“பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டு ஜினசந்திரன் கைப்பேசியை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் பொத்தானைத் தொடவில்லை. கேட்டால் மனைவியைக் குத்த வேண்டும். கேட்காவிட்டால் மகளை இழக்க வேண்டும். புரண்டு படுக்கவும் பிறர் உதவி வேண்டிய உடம்பு. அதனோடு இந்த இரண்டுக்கும் நடுவே கிடந்தார். குணமதி பார்த்த தொடர்களையெல்லாம் அவரும் பார்த்தார். எந்த மருமகள் எந்த மாமியாருக்கு எதை மறைக்கிறாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாயிற்று.

தீட்சை நாளும் வந்தது. அன்று குணமதி தொலைக்காட்சியைக் காலையில் போடவில்லை. மாடித் திரை கறுப்பாகவே இருந்தது. நண்பகலுக்குப் பிறகு ஒரு சமையல் நிகழ்ச்சி தோன்றியது. அஃது உடனே செய்தியாயிற்று, செய்தி விளம்பரமாயிற்று, விளம்பரம் யானைகளைப் பற்றிய படமாயிற்று, அதுவும் நிலைக்காமல் மறுபடியும் சமையலுக்கு வந்து நின்றது. மகளின் சேனலுக்கு முந்திய எண் வரை சென்று, அங்கிருந்து திரும்பி வருவதை ஜினசந்திரன் பார்த்தார். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது.

ஜோதியம்மாள் வழக்கத்தைவிட முன்னதாகவே தட்டைக் கொண்டுவந்தார். கீரைக்கூட்டும் சாதமும் இருந்தன.

“சாப்டுங்க சார். நான் இன்னிக்கு சீக்கிரம் போவணும். வெளிச்சம் இருக்கறப்பவே முடிச்சிடச் சொன்னாங்க.”

“அம்மா சாப்டாங்களா?”

“அவங்களா? காலைலேர்ந்து தண்ணிகூட வாய்ல வெக்கல. ஒரு வாய் சாப்டுங்கம்மான்னா, உன் வேலயப் பாருடின்றாங்க. என் வேலயே அதானேன்னேன். மொறைக்கிறாங்க.” பிறகு, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் போன்ல பாக்கறீங்களா சார்? நெட்டு கம்மியாத்தான் இருக்கு. ஆனா பாப்பா மூஞ்சிய பாக்கற வரைக்கும் தாங்கும். கதவ சாத்திக்கினா யாருக்குத் தெரியப் போவுது?”

கைப்பேசியை நீட்டினார். அதன் திரையில் ஒரு மூலை உடைந்திருந்தது. ஜினசந்திரனின் கை போர்வையைவிட்டுச் சற்றே வெளியே வந்தது. பிறகு உள்ளே சென்றுவிட்டது.

“வேணாம்மா. அவளுக்குத் தெரியாம ஒரு தடவ செஞ்சதே ஜாஸ்தி.”

“அப்போ அமுக்கிக் கேளுங்க.”

“கேட்டா பாப்பா பேரு போய் நிக்குமே.”

“நிக்கட்டும் சார். அவங்களுக்கும் அது பொண்ணுதானே? பேரு வந்தா இன்னா, ஊரு வந்தா இன்னா. நீங்க ரெண்டு பேரும் பண்றதப் பாத்தா எனக்குத்தான் மயக்கமா வருது.” தட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, “ஆறிடும், சாப்டுங்க,” என்று சொல்லிப் படியிறங்கினார். கீழே ஏதோ சொல்வதும், வாசற்கதவு சாத்தப்படுவதும் கேட்டன.

இப்போது வீட்டில் இருவர் மட்டுமே இருந்தனர். திரையில் யாரோ ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் தெரிந்த மலையின் தோளில் வெயில் மஞ்சளாக மாறியிருந்தது. அங்கே, அந்தப் பந்தலில், எந்தச் சடங்கு எதுவரை வந்திருக்கும் என்று தெரியாமல் ஜினசந்திரன் தவித்தார். இப்போதே எல்லாம் முடிந்திருக்கலாம். ரிமோட்டைக் கையில் எடுத்தார். வயலில் எல்லைக் கல் நடும்போதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. சேனல் எண்ணைத் தட்டி, கேட்கும் பொத்தானை அழுத்தினார்.

‘காத்திருக்கவும்’ என்று திரையின் கீழ்மூலையில் வந்தது.

வழக்கமாக அந்தச் சொல் தோன்றிய உடனேயே ‘அனுமதி இல்லை’ வந்துவிடும். இன்று வரவில்லை. வெங்காயம் வதங்கியது. தக்காளி சேர்ந்தது. மூலையில் அந்தச் சொல் அப்படியே நின்றது. கீழே, ஹால் திரையின் குறுக்கே என்ன நின்றுகொண்டிருக்கும் என்பதை அவர் அறிவார். த்ரிசலா கேட்கிறது, அனுமதிக்கலாமா என்று, அந்தத் தாயிடம் இதுவரை ஒருவரும் கேட்காததை ஒரு பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. கீழே நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை. அழுத்தியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அழுத்தியதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதற்கொரு பொத்தான் இல்லை.

திரை ஒரு கணம் இருண்டு, வெளிச்சமானது.

பெரியதொரு பந்தல். இந்தியில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். மேடையில், தீட்சை பெறவிருந்த பெண்கள் பட்டுச் சேலையும் நகையுமாக மணப்பெண்களைப் போல வரிசையாக அமர்ந்திருந்தனர். படக்கருவி ஒவ்வொருவராக நகர்ந்தது. த்ரிசலா. நெற்றியில் சந்தனம், தலை நிறைய மல்லிகை, அவள் ஒருநாளும் அணிய விரும்பாத நெற்றிச்சுட்டி. பின்னால், வெள்ளை வேட்டியில், நவீன் கைகூப்பி நின்றிருந்தான். எப்போதோ அவள் கல்லூரிக்குச் செல்லத் தொடங்கிய நாளில் குணமதி அவளுக்குப் பின்னிவிட்ட அதே தடித்த சடை, தோள்வழியே முன்னால் கிடந்தது. ஜினசந்திரன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். தையல் போட்ட இடம் இழுத்தது. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கீழேயிருந்து ஓர் ஒலியும் வரவில்லை. குணமதி ‘சரி’ என்பதை அழுத்திவிட்டு, ஹால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சாமி அறைக்குச் சென்றிருப்பார் என்று எண்ணினார். பெட்டி ஓடினால் போதும். கீழே திரை ஓட வேண்டியதில்லை. இவ்வளவு இரக்கம் காட்டியதே பெரிது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது, படிக்கட்டின் வழியே, குணமதியின் குரல் கேட்டது.

“சரிம்மா. சரி. நீ நல்லா இரு.”

வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்தார். ஜோதியம்மாள் எதையேனும் மறந்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் கதவு திறக்கும் ஓசை கேட்கவில்லை. அந்தக் குரலும் வாசலை நோக்கிப் பேசும் குரலாக இல்லை.

திரையில், யாரோ ஒருவர் த்ரிசலாவிடம் மைக்கைக் கொடுத்தார். துறவு பூணுவோர் உற்றார் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கும் சடங்கு அது. மற்றவர்கள் இந்தியிலும் கன்னடத்திலும் கேட்டிருப்பார்கள். அவள் தமிழில் பேசினாள்.

“எங்கம்மா குணமதி இங்க இல்ல. அவங்ககிட்ட நான் கேக்கவே இல்ல. கேக்காமயே இங்க வந்து உக்காந்துட்டேன். அம்மா, என்னை மன்னிச்சிடுங்க.” மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “அப்பா, நீங்களும்.”

மாடிக்கு அந்தக் கேள்வி வந்துசேருமுன்பே அதற்குரிய பதில் அவர் காதில் விழுந்துவிட்டது. கீழே குணமதி ஒலியைத் தாழ்த்திவைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஜினசந்திரனின் உதடுகள் அசைந்தன. அவருடைய பதிலை அந்த அறையில் கேட்பதற்கு யாரும் இல்லை. உரக்கச் சொன்னால் கீழே கேட்கும் என்பதற்காக, வாய்க்குள்ளேயே சொன்னார்.

பட்டுச் சேலைகள் மறைந்து வெள்ளைச் சேலைகள் வந்தன. மூத்த ஆர்யிகை ஒருவர் சாம்பலைக் கையில் தேய்த்துக்கொண்டு வரிசையின் முதல் பெண்ணை நெருங்கினார். முடியைக் கத்தியால் மழிப்பதில்லை. கையாலேயே சிறிது சிறிதாகப் பறிப்பார்கள். அந்தக் கை தலையைத் தொட்டதும் திரை இருண்டது. அடுத்த கணம், ஒரு பெண் சிரித்தபடி வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜினசந்திரன் ரிமோட்டைத் தேடினார். எடுத்தார். அழுத்தவில்லை. வாரக்கணக்கில் அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார்.

“குணா.”

மறுபடியும் அழைத்தார்.

“குணா, அந்த முடி எடுக்கறத என்னாலயும் பாக்க முடியாது. அது முடிஞ்சதும் போடு.”

கீழேயிருந்து குரல் வந்தது. அழுது முடித்த குரல்.

“முடிஞ்சுதா இல்லியான்னு பாக்காம எனக்கு எப்டித் தெரியும்?”

“சித்த நேரம் விட்டுப் போட்டுப் பாரு. நடந்துகினு இருந்தா உடனே மாத்திடு.”

“நீங்க சொல்லுங்க. நீங்க எப்பவும் எல்லாத்தையும் மொதல்ல தெரிஞ்சிக்கறவராச்சே.”

“எனக்கு மேல பிந்தித்தான் வருது குணா.”

வடை மறைந்து பந்தல் தோன்றியது. குனிந்த தலைகளைக் கண்டதும் உடனே வடை வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் பந்தல், மறுபடியும் வடை. கீழே ஒரு பெண் கண்ணை மூடி மூடித் திறப்பதை மேலே அவர் திரையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையின் தோளிலிருந்து வெயில் இறங்கிவிட்டது. மேசைமேல் மூடிய தட்டு மூடியபடியே இருந்தது. இனி இன்று அந்த வீட்டில் இருவருக்கும் உணவில்லை.

கடைசியாகப் பந்தல் வந்தபோது, அது மாறாமல் நின்றது.

எல்லாம் முடிந்திருந்தது. மேடையில் வெள்ளைச் சேலை உடுத்தியவர்கள் வரிசையாக நின்றிருந்தனர். சேலைத் தலைப்பு நெற்றிவரை இழுத்து மூடப்பட்டிருந்தது. எல்லார் கையிலும் மயிற்பீலி. எல்லார் முன்னும் கமண்டலம். புதிய பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் முழங்கியது. எந்தப் பெயர் யாருடையது என்று ஜினசந்திரனுக்கு விளங்கவில்லை. மூக்கும் கன்னமும் தெரிந்த முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது ஆண்டுகள் பார்த்த முகம் அந்த வரிசையில் எங்கும் கிடைக்கவில்லை.

“குணா,” என்றார். “இதுல எது நம்ம பொண்ணு?”

“இடது கைப்பக்கத்துலேர்ந்து மூணாவது,” என்று உடனே பதில் வந்தது.

“எப்டிச் சொல்ற?”

“உக்காரும்போது முட்டிய ஒரு கையால அழுத்திக்கினு உக்காந்தா. எனக்குத் தெரியாதா?”

மேலே, அந்தக் காட்சி வருவதற்காக அவர் காத்திருந்தார். அது வந்தபோது படக்கருவி கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தது. திரும்பவும் மேடைக்கு வந்தபோது எல்லாரும் அமர்ந்துவிட்டிருந்தனர். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக ஒரு முகம், தரையைப் பார்த்தபடி இருந்தது. மற்ற முகங்களைப் போலவே அதுவும் இருந்தது.

“தெரியுதாங்க?” என்று குணமதி கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஜினசந்திரனுக்கு நா எழவில்லை.

“தெரியுது,” என்றார். பிறகு அந்த மூன்றாவது முகத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, அது த்ரிசலாவின் முகமாகும்வரை காத்துக் கிடந்தார்.